மொத்தம் அறுபத்தொன்று

மஞ்சக்குப்பத்தில் இரவு பதினொன்றுக்கும்
கல் ஆறாத கடை இது ஒன்றுதான்.
கோப்பையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு
ஒன்பது பேரும் அதைச் சுற்றிச் சண்டை போடுகிறோம்.

பணத்துக்காக இல்லை.
பத்தாயிரத்தை ஒன்பதாகப் பிரிப்பது
மைதானத்திலேயே முடிவாகிவிட்டது.
மிஞ்சுகிற ஒரு ரூபாயைக்
கெடிலத்தில் வீசச் சொல்லிவிட்டான் மெஹபூப்.

ரொசாரியோ சும்மாதான் சொன்னான்:
"அறுபத்தொண்ணுல முப்பத்திநாலு என்னுது."

சரியான கணக்கு. யாரும் மறுக்கவில்லை.
இளம்பரிதி மட்டும் வெங்காயத்தைக் கடித்தபடி,
"எத்தனை எறிஞ்ச?"
"முப்பத்தொண்ணு."
"உள்ள போனது?"
"பதினஞ்சு."
"மீதிப் பதினாறையும் நெய்வேலிக்காரனா
எடுத்து நம்மகிட்ட குடுத்தான்?"

எல்லோரும் தணிகையைப் பார்த்தோம்.
தணிகை சால்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஒரு புள்ளியும் போடவில்லை.
ரொசாரியோவைத் துரத்தி வருகிறவனின் வழியில் போய் நிற்பான்.
இடிபடுவான்.
எழுந்து இன்னொரு வழியில் போய் நிற்பான்.
ஸ்கோர் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது.
நான்கு ஃபவுல் மட்டும் அவன் பெயருக்கு எதிரே,
நசுக்கிய கொசுக்கள்போல.

நான் பன்னிரண்டாம் எண் பனியன்.
சிப்காட்டில் ஷிஃப்டு முழுக்க மீட்டர் பார்த்து
நோட்டில் குறிக்கிற உத்தியோகம்.
அந்தப் புத்தி பெஞ்சுக்கும் கூடவே வந்துவிட்டது:
யார் உள்ளே இருக்கையில் நமக்கு எத்தனை,
அவர்களுக்கு எத்தனை.

"நோட்டை எடுடா," என்றார்கள்.
எடுத்தேன்.

ரொசாரியோ வெளியே உட்கார்ந்திருந்த ஆறு நிமிடத்தில்
நாம் பதின்மூன்று, அவர்கள் ஒன்பது.
அவன் உள்ளே இருந்த மீதி நேரம் முழுக்க
நாம் நாற்பத்தெட்டு, அவர்கள் நாற்பத்தொன்பது.

கல்லில் முட்டை ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நான் ஆடாம இருந்திருந்தா
இன்னும் நல்லா ஜெயிச்சிருப்போம்ங்கிற?"
ரொசாரியோ கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இல்லை, என்றேன்.
அந்த ஆறு நிமிடமும் அவர்களுடைய நெட்டையனும்
துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தான்.
அதோடு, ரொசாரியோ உள்ளே இருந்தால்
ரெண்டு பேர் அவனையே காவல் காப்பார்கள்.
மெஹபூப் ஆளில்லாமல் நின்று போட்ட பந்துகள்
யாருடைய கணக்கு?
மூன்றாம் கால்பகுதியில் தேவனாம்பட்டினத்துக் காற்று திரும்பி
அவர்கள் எறிந்ததையெல்லாம் ஒரு சாண் தள்ளிவிட்டதே,
அதற்கு என்ன எண் பனியன்?

"உன் வரியைப் படி," என்றான் இளம்பரிதி.

படித்தேன்.
களத்தில் ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
நாம் ஐந்து, அவர்கள் பூஜ்யம்.
அந்த நேரத்தில் நான் பந்தைத் தொடவே இல்லை.
மெஹபூப் தூரத்திலிருந்து ஒரு மூன்று.
நெய்வேலிக்காரன் வியர்வையில் வழுக்கி விழ
இளம்பரிதி ஒரு ரெண்டு.
நான் கை தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கணக்குப்படி பார்த்தால்
நாற்பது நிமிடமும் என்னை ஆட விட்டிருந்தால்
நூற்றிருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருப்போம்.

முதலில் சிரித்தது ரொசாரியோதான்.
வீங்கிய நடுவிரலைத் தண்ணீர் டம்ளரில் முக்கியபடி
தோள் குலுங்கச் சிரித்தான்.
நான் நோட்டை மூடவில்லை.
பொய்யான எண்கள் அல்ல அவை.
ஒவ்வொன்றும் நடந்தது.

கடைக்காரர் பில்லை மேசையில் வைத்தார்.
"தனித்தனியா போடலையாண்ணே?"
"ஒன்பது பேரும் ஒரே தட்டுல கை வச்சீங்க.
யாரு எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்?
மொத்தம் முப்பத்தாறு."

"தணிகை எட்டு!"
ஒரே குரலில் எட்டு பேர்.

அதை மட்டும்
எல்லோரும் எண்ணியிருந்தோம்.